புல் வெட்டலாம்... உரம் போடக் கூடாது!

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒருவர் தொழில் தொடங்க நினைக்கிறார். பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்குகிறார். பின்னால் மாட்டிய டிரெய்லரில் புல்வெட்டும் இயந்திரம், ஓரம் கத்தரிக்கும் கருவி, சருகை ஊதித் தள்ளும் பிளோயர். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, “உங்க வீட்டுப் புல்லை வெட்டித் தரட்டுமா?” என்று கேட்கிறார். இந்த வேலைக்காக மாநில அரசிடம் அவர் எந்தத் தேர்வும் எழுத வேண்டாம், எந்த உரிமமும் வாங்க வேண்டாம்.

அதே வீட்டில், “புல் கொஞ்சம் வெளிறிக் கிடக்கு, உரம் போட்டுடறேன்” என்று கூலிக்கு உரத்தைத் தூவினால், கையில் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டமீறல். “எறும்புப் புற்று இருக்கு, மருந்து அடிச்சுடட்டுமா?” என்று கேட்டாலோ விஷயம் இன்னும் பெரிது. அதற்கு ஆண்டுக்கணக்கில் அனுபவமும் மாநிலத் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும்.

புல்தரைப் பராமரிப்பு என்று ஒரே பெயரில் சொல்லப்படும் தொழிலுக்குள் இப்படி மூன்று படிகள் இருக்கின்றன. முதல் பார்வைக்கு அரசாங்கத்தின் வீண் கெடுபிடி போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயந்திரத்தின் கத்தி வேலிக்குள்ளேயே நின்றுவிடுகிறது; உரமும் மருந்தும் வேலியைத் தாண்டிப் போகின்றன. எந்த இடத்தில் தீங்கு அடுத்தவர் வாசலுக்குப் போகிறதோ, அந்த இடத்தில் உரிமம் கேட்பதுதான் முறை. ஃப்ளோரிடா அந்தக் கோட்டைக் கிட்டத்தட்டச் சரியான இடத்தில் போட்டிருக்கிறது.

முதலில், புல்லுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நம் வாசகர்கள் கேட்கலாம். செயற்கைக்கோள் படங்களையும் வான்வழிப் படங்களையும் வைத்து 2005-ல் நாசா விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்குப் போட்டது. அமெரிக்காவில் வீடு, பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்துப் புல்தரை மட்டும் சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர். மொத்தத் தமிழ்நாடே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அந்த நாட்டில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கப்படும் பயிர்களிலேயே அதிகப் பரப்பு இந்தப் புல்லுக்குத்தான்.

அந்தப் புல்லை வளர விடவும் முடியாது. பெரும்பாலான நகரங்களில் இத்தனை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி உண்டு. ஃப்ளோரிடாவின் டனீடின் நகரில் வரம்பு 10 அங்குலம். 2018-ல் அதைத் தாண்ட விட்ட வீட்டுக்காரர் ஒருவருக்கு நாளுக்கு 500 டாலர் வீதம் ஏறிய அபராதம் 30,000 டாலரை நெருங்கியது. வசூலிக்க வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவர நகராட்சி முனைந்தது. இது போதாதென்று குடியிருப்போர் சங்கங்களின் கெடுபிடி தனி. ஆகவே புல் வெட்டுகிறவருக்கு வேலை கிடைக்காமல் போகாது.

தொழில் தொடங்கும் காகிதங்கள்

காகித வேலை என்று பார்த்தால் அதிகம் இல்லை. எல்எல்சி என்ற வகை நிறுவனமாகப் பதிய ஃப்ளோரிடாவில் 125 டாலர். வருமான வரித்துறை தரும் நிறுவன எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. ‘வாங்கித் தருகிறோம்’ என்று காசு கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்திலோ நகராட்சியிலோ ‘பிசினஸ் டாக்ஸ் ரசீது’ என்ற உள்ளூர் வரிச்சீட்டு எடுக்க வேண்டும். அது வரி கட்டியதற்கான ஆதாரம் மட்டுமே. தொழில் தெரியும் என்று அது சான்று சொல்லாது. பலர் இதையே லைசென்ஸ் என்று நினைத்துக்கொண்டு, ‘லைசென்ஸ் பெற்ற நிறுவனம்’ என்று டிரக்கில் எழுதிவிடுகிறார்கள்.

ஆண்டுதோறும் மே 1-க்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். எல்எல்சி-க்கு 138.75 டாலர். ஒருநாள் தவறினாலும் 400 டாலர் தாமதக் கட்டணம். புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான்.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் காப்பீடு இல்லாமல் இறங்கவே கூடாது. சுழலும் கத்தியில் ஒரு கூழாங்கல் சிக்கினால் அது தோட்டா மாதிரி பாயும். எதிர்வீட்டு ஜன்னலோ நிறுத்தியிருந்த காரோ தப்பினால் அதிர்ஷ்டம். சொந்தக் காருக்கு எடுக்கும் சாதாரணக் காப்பீடு, டிரெய்லர் மாட்டித் தொழிலுக்கு ஓட்டும் டிரக்குக்குப் பெரும்பாலும் செல்லாது. கட்டுமானம் அல்லாத தொழிலில் நான்கு பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஃப்ளோரிடாவில் கட்டாயம்.

மூட்டையில் இருக்கும் மூன்று எண்கள்

இப்போது உரத்துக்கு வருவோம். கதை சூடுபிடிப்பது இங்கேதான்.

ஃப்ளோரிடாக் கடைகளில் விற்கும் உரமூட்டை ஒன்றில் 16-0-8 என்று அச்சடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் விவசாயிகளுக்கு இது பழகிய கணக்கு. நூற்றுக்கு 16 பங்கு தழைச்சத்து, மணிச்சத்து கிடையாது, 8 பங்கு சாம்பல்சத்து. 50 பவுண்டு மூட்டையில் 8 பவுண்டு தழைச்சத்து இருக்கிறது. ஆயிரம் சதுர அடிக்கு ஒரு பவுண்டு தழைச்சத்து என்றால், அந்த மூட்டை 8,000 சதுர அடிக்கு வரும். வீட்டுக்காரர் வீட்டுத்தரை, கார் பாதை எல்லாம் சேர்த்து ‘பத்தாயிரம் சதுர அடி மனை’ என்று சொல்லுவார். அதில் புல் இருப்பது பாதியாகக்கூட இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் மூட்டையைக் கொடுத்தால், இரண்டு மடங்கு உரம் விழுந்துவிடும்.

நடுவில் ஏன் பூஜ்யம்? பாஸ்பேட் சுரங்கங்களுக்குப் பேர்போன மாநிலம் ஃப்ளோரிடா. அங்கே பல இடங்களில் மண்ணிலேயே மணிச்சத்து உண்டு. மண் பரிசோதனையில் குறை தெரிந்தாலொழிய, புல்லுக்கு மேலும் மணிச்சத்துப் போட வேண்டியதில்லை. மாநில விதியும் அதைத்தான் சொல்கிறது.

இதையெல்லாம் சொல்லித் தருவதற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கத் துறை ஒரு பயிற்சி நடத்துகிறது. ஒருநாள் பாடம், முடிவில் தேர்வு, தேர்ச்சிக்கு 75 மதிப்பெண். அந்தச் சான்றிதழை வைத்து மாநில வேளாண் துறையிடம் விண்ணப்பித்தால், கூலிக்கு உரம் போடும் அனுமதி கிடைக்கும். கட்டணம் 25 டாலர், நான்கு ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க வேண்டுமானால் இடையில் மறுபயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்க வேண்டும். 2014 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்.

அந்தப் பயிற்சியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி உரம் தூவும் வண்டியைப் பற்றியது. வண்டியின் அடியில் ஒரு தட்டு சுழலும். உரக் குருணைகளை அது விசிறி போல முன்னாலும் இரு பக்கமும் எறியும். புல்தரையின் நடுவில் நடக்கும்போது சரி. ஏரிக்கரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனால் பாதி தண்ணீரில் விழும். அதற்காக வண்டியில் ஒரு பக்கத்தை மறைக்கும் தடுப்பு இருக்கிறது. தடுப்பைப் போட்டால் நீர்க்கரையிலிருந்து 3 அடி வரை போகலாம். தடுப்பு இல்லையென்றால் 10 அடி தள்ளி நிற்க வேண்டும் என்கிறது கையேடு. வேலை முடிந்ததும் சிமென்ட் நடைபாதையில் சிதறிய குருணைகளைக் கூட்டிப் புல்லுக்குள் தள்ள வேண்டும். தெருவோர மழைநீர் வடிகாலில் அவை விழுந்துவிட்டால், சுத்திகரிப்பு நிலையம் எதையும் பார்க்காமல் நேரே ஏரிக்கோ கழிமுகத்துக்கோ போய்விடும். வெட்டிய புல்லை பிளோயரால் வடிகாலுக்குள் ஊதித் தள்ளுவதும் இதே தீங்குதான். வெட்டுண்ட புல்லிலும் தழைச்சத்து இருக்கிறது.

ஒரு கைப்பிடிக் குருணைக்கு இவ்வளவு கண்டிப்பா? ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு ‘இந்தியன் ரிவர் லகூன்’ என்ற உப்பங்கழி இருக்கிறது. வீட்டுக் கழிவுத் தொட்டிகளிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் புல்தரைகளிலிருந்தும் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. 2011-ல் பாசி பெருகி நீரே நிறம் மாறிப்போனது. வெளிச்சம் அடிவரை இறங்காததால் கடற்புல் செத்தது. அந்தக் கடற்புல்லைத் தின்று வாழ்பவை மனாட்டி என்ற கடல்பசுக்கள். 2021-ல் ஃப்ளோரிடாவில் 1,100 மனாட்டிகள் செத்தன. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை சாவு இல்லை. பெருமளவு பட்டினிச் சாவு. அந்தக் குளிர்காலத்தில் மின்நிலையம் ஒன்றின் அருகே ஒதுங்கியிருந்த மனாட்டிகளுக்கு அதிகாரிகள் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் லெட்டூஸ் கீரையைக் கொட்டிக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

நம் பாக் நீரிணையில் மீனவர்கள் ‘ஆவுளியா’ என்று அழைக்கும் கடல்பசு இந்த மனாட்டிக்கு உறவு. அதற்கும் உணவு கடற்புல்தான். அதைக் காக்கத்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்புல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரிடாவைத் தவிர வேறு பாடம் நமக்கு வேண்டியதில்லை.

ஃப்ளோரிடா மனாட்டிகளின் சாவுக்கு உரம் மட்டும் காரணம் இல்லை; கழிவுநீரின் பங்கு பெரிது. ஆனாலும் கழிவுக்குழாய்களை மாற்றக் கோடிக்கணக்கில் பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். உரத்தைக் குறைக்க ஒருநாள் பயிற்சி போதும். பல கவுண்டிகள் இன்னும் ஒருபடி மேலே போயின. 2007-ல் சாரசோட்டா கவுண்டி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அதாவது மழைக்காலம் முழுக்க, தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரத்தைப் புல்லுக்குப் போடக் கூடாது என்று ஆணையிட்டது. மற்றவையும் பின்தொடர்ந்தன. தொழில் படுத்துவிடும் என்று முதலில் கூச்சல் எழுந்தது. தொழில் தெரிந்தவர்கள் அந்த மாதங்களில் இரும்புச்சத்தைத் தெளித்தார்கள். புல் பச்சையாகவே இருந்தது, வளர்ச்சி மட்டும் குறைந்தது.

மருந்துக்கு வேறு கணக்கு

பூச்சிமருந்து, களைக்கொல்லி என்று வரும்போது விதிகள் இறுகுகின்றன. இதில் இடைநிலைச் சான்று ஒன்று உண்டு. பூச்செடிப் பாத்திகளிலும் அலங்காரச் செடிகளுக்கும், லேபிளில் ‘காஷன்’ என்ற மிக மென்மையான எச்சரிக்கை உள்ள மருந்தை, கைத்தெளிப்பானாலோ முதுகில் மாட்டும் தெளிப்பானாலோ அடிக்கலாம். புல்தரையில் அடிக்கக் கூடாது. அதற்கும் தேர்வு உண்டு, காப்பீடு கட்டாயம்.

புல்தரைக்கே மருந்து அடிக்க வேண்டுமானால், சான்றுபெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு வல்லுநர் ஒருவர் பொறுப்பில் உரிமம் பெற்ற நிறுவனம் இருக்க வேண்டும். அந்த வல்லுநராக ஆவதற்கு, உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும், அல்லது பூச்சியியல் போன்ற பாடங்களில் பட்டமும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். அதன்பிறகே தேர்வு எழுத முடியும். ஒருவர் ஒரே கிளைக்குத்தான் பொறுப்பாக இருக்கலாம். பத்து ஊர்க் கடைகளுக்கு ஒருவர் சான்றிதழை வாடகைக்கு விடும் வேலை நடக்காது.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது? 1962-ல் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ அமெரிக்காவை உலுக்கியது. 1970-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பிறந்தது. 1947-ல் இயற்றப்பட்ட கூட்டாட்சிப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை 1972-ல் அடியோடு திருத்தி, சில மருந்துகளைப் பயிற்சி பெற்றவர்தான் கையாளலாம் என்றார்கள். மத்தியச் சட்டம் சொல்வது அந்தக் கடும் மருந்துகளைப் பற்றி மட்டுமே. கூலிக்கு மருந்து அடித்தால் எந்த மருந்தானாலும் உரிமம் வேண்டும் என்று விரித்தவை பல மாநிலங்கள். குறைந்தபட்ச வயது 18 என்று விதி வந்தது 2017-ல்தான். அத்தனை தாமதம் வருத்தமான விஷயம்.

நம் நாட்டின் சட்டத்துக்கும் பின்னால் சாவு இருக்கிறது. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பூச்சிக்கொல்லி கலந்த உணவால் நஞ்சேறிப் பலர் இறந்தார்கள். அதை விசாரிக்க நீதிபதி ஷா தலைமையில் ஆணையம் அமைந்தது. அதன் வழியே வந்ததுதான் 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டம். 1971-ன் விதிகளின்படி, வணிகமாகப் பூச்சிமருந்து அடிப்பவருக்கு இங்கேயும் உரிமம் வேண்டும். வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டமும், மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் பெற்றவர் தேவை. உங்கள் அடுக்ககத்தில் கரையான் மருந்து அடிக்க வருகிறவரிடம் அந்த உரிமத்தின் நகலைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாநிலத்துக்கு மாநிலம்

ஃப்ளோரிடாவில் வாங்கிய சான்று ஜார்ஜியா எல்லையைத் தாண்டினால் தானாகச் செல்லாது. நியூயார்க்கில் பல கவுண்டிகளில், புல்தரைக்கு மருந்து தெளிப்பதற்கு 48 மணி நேரம் முன்பே 150 அடிக்குள் இருக்கும் அக்கம்பக்கத்தாருக்கு எழுத்தில் தகவல் தர வேண்டும். குழந்தையை உள்ளே வைத்துக்கொள்ளலாமா, துணி காயப்போடலாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பு அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைக்கிறது. இந்த ஒரு விதிக்காகவே நியூயார்க்கைப் பாராட்டலாம்.

டெக்சாஸில் தரைக்கடியில் தெளிப்புநீர்க் குழாய் போடுகிறவருக்குத் தனி உரிமம் உண்டு. குழாயில் அழுத்தம் குறைந்தால் தரையில் கிடக்கும் உரமும் மருந்தும் உறிஞ்சப்பட்டுக் குடிநீர்க் குழாய்க்குள் போகக்கூடும். அதைத் தடுக்கும் வால்வைச் சரியாகப் பொருத்தத் தெரிந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் புதிதாகப் புல்தரை அமைத்துத் தரும் ஒப்பந்த வேலைக்கு நான்கு ஆண்டு அனுபவமும் தேர்வும் உண்டு. சில நிபந்தனைகளுடன் 500 டாலருக்குள் இருந்த சிறு வேலைகளுக்கான விலக்கு, 2025 முதல் 1,000 டாலர் ஆகியிருக்கிறது.

எல்லா உரிமத்தையும் நான் ஆதரிக்கவில்லை. லூசியானாவில் பூங்கொத்துக் கட்டி விற்க நெடுங்காலம் மாநிலத் தேர்வு இருந்தது. 2010 வரை, ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து, புதிதாக வருகிறவர் கட்டிய பூங்கொத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். மோசமாகக் கட்டிய பூங்கொத்தால் யாருக்கு என்ன தீங்கு? அந்தத் தேர்வு காத்தது கடைக்காரர்களின் வருமானத்தை. புல் வெட்டுவதற்கு ஃப்ளோரிடா தேர்வு வைக்காமல் விட்டதை நான் மதிப்பது இதனால்தான். கையில் காசில்லாதவன் நுழைய அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

இயந்திரத்தைத் தள்ளும் கைகள்

அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் யார் என்று பார்த்தால், அமெரிக்காவின் இன்னொரு வரலாறு தெரியும். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்டு, சொத்தை இழந்து வெளியே வந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் பலர் தெற்குக் கலிஃபோர்னியாவில் தோட்டக்காரர்களாகப் பிழைத்தார்கள். 1955-ல் அவர்கள் கூட்டமைப்பு ஒன்றையும் கட்டினார்கள். அடுத்த தலைமுறையில் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அந்த வேலைக்கு வந்தார்கள். வீடுகளுக்கு 500 அடிக்குள் பெட்ரோல் பிளோயரைப் பயன்படுத்தக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் தடை விதித்தபோது, 1998 ஜனவரியில் அவர்கள் நகரமன்ற வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சத்தமும் புகையும் தீங்குதான். ஆனால் அந்தக் கருவியைத் தூக்கிப்போட்டுவிட்டுத் துடைப்பத்தால் கூட்டு என்றால், கூடுதல் நேரத்துக்கான கூலியை யார் கொடுப்பது? விதி போடுகிறவர்கள் இந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

மொழியும் அப்படித்தான். ‘லேபிளே சட்டம்’ என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். எத்தனை அவுன்ஸ், எந்தக் கையுறை, எத்தனை மணி நேரம் உள்ளே நடக்கக் கூடாது என்று அதில் எழுதியிருப்பதை மீறினால் குற்றம். ஆனால் தெளிப்பானைச் சுமக்கும் கைகளில் பல ஸ்பானிஷ் பேசுகிறவர்களுடையவை. லேபிளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்துவந்தது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம்தான் பாதுகாப்புக் குறிப்புகளை ஸ்பானிஷிலும் தரச் சொன்னது. கடும் நஞ்சுகளுக்கு 2025 இறுதியில் தொடங்கி, மற்றவற்றுக்கு 2030 வரை படிப்படியாக. அரை நூற்றாண்டு தாமதம். ஃப்ளோரிடாவின் உரப் பயிற்சிக்கு ஸ்பானிஷ் கையேடும் வகுப்பும் உண்டு என்பது ஆறுதல்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி விசாவில் இருப்பவர், வாரக் கடைசியில் பக்கத்து வீடுகளுக்குப் புல் வெட்டிக் காசு வாங்கினாலும் அது அனுமதியில்லாத வேலை. மாணவர் விசாவுக்கும் இதேதான். கவுண்டி வரிச்சீட்டு கொடுத்துவிட்டதால் குடியேற்றத்துறையும் சம்மதித்ததாக ஆகாது. வெளிநாட்டிலிருந்து பருவகாலத் தொழிலாளர்களை அழைத்துவரும் எச்-2பி விசா வேறு. ஆண்டுக்கு 66,000 என்ற அதன் ஒதுக்கீட்டில் மிகப் பெரிய பங்கு இந்தத் தோட்ட, புல்தரைத் தொழிலுக்குத்தான் போகிறது.

விட்டுப்போன ஓட்டை

இத்தனையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கூலிக்கு உரம் போடுகிறவர் பயிற்சி பெற வேண்டும். தன் வீட்டுக்குத் தானே போட்டுக்கொள்ளும் வீட்டுக்காரர் எதையும் படிக்க வேண்டாம். கடைக்குப் போய் மூட்டையைத் தூக்கிவந்து கண்ணை மூடிக்கொண்டு கொட்டலாம். மழைக்காலத் தடை அவருக்கும் பொருந்தும் என்றாலும், கொல்லைப்புறத்தில் எட்டிப் பார்ப்பது யார்? கூலிக்காரர் ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போகிறார், அவர் செய்யும் தவறு பல மடங்காகும் என்பது அரசின் வாதம். நியாயம்தான். ஆனால் உப்பங்கழிக்கு வந்து சேரும் தழைச்சத்து, கூலிக்குப் போட்டதா சொந்தமாகப் போட்டதா என்று பார்ப்பதில்லை.

பினெல்லாஸ் கவுண்டி இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே கோடை மாதங்களில் தழைச்சத்து உரத்தைப் போடுவது மட்டுமல்ல, புல்லுக்கென்று கடையில் விற்பதும் தடை. ஜூன் பிறந்தால் அந்த மூட்டைகள் அலமாரியை விட்டுப் போய்விடும். வீட்டுக்காரரைத் துரத்திப் பிடிக்கும் வேலையே இல்லை. மற்ற கவுண்டிகளும் அதைப் பின்பற்றுவதற்குள், உர விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. பினெல்லாஸின் ஆணை பழையது என்பதால் தப்பியது. அந்த அதிகாரத்தை மாநிலம் கவுண்டிகளுக்குத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாநிலம் முழுக்க அந்த நான்கு மாதம் தானே விற்பனையை நிறுத்த வேண்டும். கூலிக்காரரிடம் சான்றிதழ் கேட்ட அரசு, கடைக்காரரிடம் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.